அதே பெயரில் இன்னொருத்தி

எமது கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகளின் பெயர்ப்பதிவேடு ஒன்றைத் தொகுக்கும் பணி எம்மில் சிலரிடம் ஒப்படைக்கப்பட்டது. கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ, சிட்னி எனப் பல இடங்களிலிருந்தும் பட்டியல்கள் வந்து சேர்ந்தன. ஒருவரின் பெயரே இரண்டு மூன்று பட்டியல்களில் வந்திருந்தமையால், எல்லாவற்றையும் கணினியில் ஒன்றாகச் சேர்த்து, இருமுறை வந்த பெயர்களை நீக்கினோம். வேலை நினைத்ததிலும் சுலபமாக முடிந்தது. வரைவை எமது வகுப்புத் தோழியரின் வட்ஸ்அப் குழுவில் போட்ட அன்றிரவே கனடாவிலிருந்து ஒரு தோழி கேட்டாள்: "இதில ஒருத்திதானே இருக்கிறா. அப்ப மற்றவ எங்க?"

எமது வகுப்பில் ஒரே பெயரில் இருவர் இருந்தனர். தகப்பன்மாரின் முதலெழுத்தும் ஒன்றே. காலையில் இடாப்புக் கூப்பிடும்போது அந்தப் பெயர் இரண்டு தரம் வரும். இரண்டு குரல்கள் பதில் சொல்லும். வகுப்பாசிரியை உயரத்தைப் பார்த்து ஒருவரைப் 'பெரியவ' என்றும் மற்றவரைச் 'சின்னவ' என்றும் அழைக்கத் தொடங்கினார். நாமும் அப்படியே அழைத்தோம். பெரியவர் பல்கலைக்கழகம் சென்று இன்று வெளிநாட்டில் நல்ல நிலையில் இருக்கிறார். சின்னவர் பத்தாம் வகுப்பின் நடுவில், இடம்பெயர்வின்போது குடும்பத்தோடு போனவர், திரும்பி வரவில்லை. ஒரே பெயர், ஒரே முதலெழுத்து, ஒரே ஆண்டு. கணினி இருவரையும் ஒருவராகக் கணக்கிட்டது. 'நீக்கவா?' என்று அது கேட்டபோது 'ஆம்' என்று அழுத்தியவர்கள் நாம்.

அந்த வெட்கத்தோடுதான் இக்கட்டுரையை எழுதுகிறோம். வைத்தியத் தொழிலில் இருக்கும் எமக்கு வரலாறு ஓய்வுநேரத் துணை. அதிலும் கிரேக்க, உரோம வரலாறு கல்லூரி நூலகத்தில் பற்றிக்கொண்ட பழைய ஆசை. அந்த வரலாற்றைப் படிப்போரை முதலில் தடுமாறச் செய்வது பெயர்கள்தான். ஒரே பெயரில் பலர் வந்துகொண்டே இருப்பர். இது படிப்போரின் சிரமம் மட்டும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அக்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கும் அதுவே பெருஞ்சிக்கலாக இருந்தது. சிலர் உயிரையே இழந்தனர். பல பெண்களின் வாழ்க்கைக் கதை அதே பெயருடைய இன்னொருத்தியின் கதைக்குள் கரைந்துபோனது.

பெயருக்காகக் கொல்லப்பட்ட கவிஞர்

கி.மு. 44ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள் யூலியஸ் சீசர் உரோமில் குத்திக் கொல்லப்பட்டார். சில நாட்களின் பின் நடந்த இறுதிச் சடங்கில் மக்கள் கொதித்தெழுந்தனர். கொலைகாரரைத் தேடி வீதிகளில் கூட்டம் அலைந்தது.

அப்போது உரோமில் சின்னா என்ற பெயரில் இருவர் அறியப்பட்டிருந்தனர். ஒருவர் கொர்நேலியஸ் சின்னா. இவர் சீசரின் முதல் மனைவியின் சகோதரர். ஆயினும் கொலையின் பின் சீசரைப் பழித்து வெளிப்படையாகப் பேசியவர். மற்றவர் ஹெல்வியஸ் சின்னா. இவர் கவிஞர், சீசரின் நண்பர். ஒரேயொரு கவிதை நூலைச் செதுக்கிச் செதுக்கி ஒன்பது ஆண்டுகள் எழுதியவர் என்று அவருடைய தோழரான கவிஞர் கட்டுல்லஸ் பாராட்டியிருக்கிறார்.

நடந்ததைப் புளூட்டார்க் எழுதிவைத்துள்ளார். முதல்நாளிரவு சீசர் தன்னை விருந்துக்கு அழைப்பதாகவும், தான் மறுக்க, அவர் கையைப் பிடித்து இழுத்துச் செல்வதாகவும் ஹெல்வியஸ் சின்னா கனவு கண்டார். காலையில் அவருக்குக் காய்ச்சல். நண்பரின் உடல் எரிக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டதும், வீட்டில் இருக்க மனம் இடங்கொடாமல், காய்ச்சலோடே எழுந்து போனார். கூட்டத்தில் ஒருவன் இவர் யாரென்று கேட்க, இன்னொருவன் பெயரைச் சொன்னான். பெயர் வாய்க்கு வாய் மாறிப் பரவியது. 'சின்னா வந்திருக்கிறான்' என்ற சொல் போதுமாக இருந்தது. நண்பருக்கு இறுதி மரியாதை செய்ய வந்தவரை அந்த இடத்திலேயே கொன்றனர். அவருடைய தலையை ஈட்டியில் குத்தி ஊர்வலம் சென்றனர் என்கிறார் சுவெட்டோனியஸ். ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் சேக்ஸ்பியரின் 'யூலியஸ் சீசர்' நாடகத்தில் இக்காட்சியைப் படித்திருப்பர்.

இதன் பின்னிணைப்பு ஒன்றும் உண்டு. சீசரைக் குத்தியவர்களுள் ஒருவரின் பெயர் காஸ்கா. அதே பெயருடைய கையஸ் காஸ்கா என்பவரும் உரோமில் இருந்தார். சின்னாவுக்கு நேர்ந்த கதியைக் கேட்ட அவர் உடனடியாகப் பொது அறிவித்தல் ஒன்றை விடுத்தார். எமக்கிடையே ஒற்றுமை பெயரில் மட்டுமே என்பதே அதன் சாரம். இதைப் பதிவு செய்தவர் டியோ காஸியஸ். இன்று பத்திரிகைகளில், 'கைதானவர் நான் அல்லன்' என்று சிலர் அறிவித்தல் கொடுப்பதைக் காண்கையில் எமக்குக் காஸ்காவின் நினைவு வரும்.

ஹெல்வியஸ் சின்னா ஒன்பது ஆண்டு உழைத்த கவிதையில் இன்று எஞ்சியிருப்பவை சில வரிகளே. பெயர் தவறிக் கொல்லப்பட்டவர் என்றே உலகம் அவரை நினைவு வைத்திருக்கிறது.

தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும்

கிரேக்கருக்குப் பொதுவாக ஒரேயொரு பெயர்தான். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயரை இடுவது பரவலான வழக்கம். ஆகவே ஒரே குடும்பத்தில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறைக்கு அதே பெயர் திரும்பத் திரும்ப வரும். பேரன் பெயர் வைக்கும் எமக்கு இது புதிதன்று.

குழப்பத்தைத் தீர்க்க அதென்ஸ் நகரத்தார் தகப்பன் பெயரையும், பதிவுபெற்ற ஊர்ப்பிரிவின் பெயரையும் சேர்த்துக்கொண்டனர். அந்நகரில் ஆபத்தானவர் என்று கருதப்படும் அரசியல்வாதியைப் பத்து ஆண்டுகளுக்கு நாடு கடத்த வாக்கெடுப்பு நடத்துவர். வாக்காளர் உடைந்த மட்பாண்ட ஓட்டில் பெயரைக் கீறிப் போடுவர். அகழ்வாய்வில் கிடைத்த ஓடுகள் பலவற்றில் 'நெயோக்கிளீஸின் மகன் தெமிஸ்தோக்கிளீஸ்' என்று தகப்பன் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது. நாடு கடத்தப்படுபவர் யார் என்பதில் ஐயம் இருக்கக்கூடாதல்லவா?

துசிடிடீஸ் என்ற பெயரைக் கேட்டதும் எமக்கு நினைவுக்கு வருபவர் பெலொப்பொன்னேசியப் போரின் வரலாற்றை எழுதியவர். அவருக்கு முந்திய காலத்தில் அதென்ஸில் அதைவிடப் புகழ்பெற்ற துசிடிடீஸ் ஒருவர் இருந்தார். பெரிக்கிளீஸை எதிர்த்து நின்று, ஏறத்தாழ கி.மு. 443இல் ஓட்டு வாக்கெடுப்பில் நாடு கடத்தப்பட்ட தலைவர் அவர், மெலேசியஸின் மகன். வரலாற்றாசிரியர் தமது நூலில் தாமே தளபதியாக வரும் இடத்தில், 'ஓலோரஸின் மகன் துசிடிடீஸ், இவ்வரலாற்றை எழுதியவன்' என்ற கருத்தில் தம்மை அறிமுகம் செய்கிறார். இன்று நாம் விளக்கம் கேட்காமலே அவரை அறிகிறோம். விளக்கம் தேவைப்படுபவர் மற்றவர். காலம் இடத்தை மாற்றிவிட்டது.

இவ்வாறு ஒரே பெயருடையோர் பெருகியமையால், அவர்களைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே நூல் எழுதப்பட்டது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் மக்னீசியா நகரத்து டெமேத்ரியஸ் என்ற அறிஞர், ஒரே பெயருடைய கவிஞர்களையும் எழுத்தாளர்களையும் பற்றி நூலொன்று எழுதினார். அந்நூல் அழிந்துவிட்டது. எனினும் பின்வந்த டயோஜெனீஸ் லயேர்ஷியஸ், மெய்யியலாளரின் வரலாறுகளை எழுதுகையில் அதைப் பயன்படுத்தினார். பலரின் கதை முடிவில் 'இப்பெயரில் இருந்த ஏனையோர்' என்று ஒரு பட்டியல் தருவது அவர் வழக்கம். சீனோ என்ற பெயரில் எட்டுப் பேர். டெமேத்ரியஸ் என்ற பெயரில் குறிப்பிடத்தக்கவர்கள் மட்டும் இருபது பேர். ஒரே பெயருடையோரைப் பற்றி நூல் எழுதியவரின் பெயரே இருபது பேருக்கு இருந்த பெயர் என்பதை எண்ணினால் சிரிப்பு வருகிறது.

இரண்டு ஹிப்போகிரட்டீஸ்

வைத்தியர்களாகிய எமக்கு இவ்விடயத்தில் ஒரு சொந்தக் கதை உண்டு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹிப்போகிரட்டீஸ் என்ற பெயரில் இரு பேரறிஞர் வாழ்ந்தனர். ஒருவர் கோஸ் தீவினர். மருத்துவத்தின் தந்தை என்று நாம் போற்றுபவர். மற்றவர் கியோஸ் தீவினர். கேத்திர கணித அறிஞர். தீவுகளின் பெயர்கள்கூடக் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஒலிக்கின்றன. யூக்கிளிட்டுக்கு முன்பே கேத்திர கணிதத்தின் அடிப்படைகளைத் தொகுத்தவரும், வட்டவில்களால் அடைபட்ட பிறை வடிவமொன்றின் பரப்பைச் சரியாகக் கணித்தவரும் கியோஸ் தீவினரே. கணிதத்தில் இத்தனை கூர்மை படைத்தவர் சுங்கக்காரரிடம் ஏமாந்து பெரும் பணத்தை இழந்தார் என்றும் பழைய குறிப்பு இருக்கிறது.

வைத்தியர் குடும்பத்திலும் அப்பெயர் ஒருவரோடு நிற்கவில்லை. அவருடைய பாட்டனார் பெயரும் ஹிப்போகிரட்டீஸ். பேரர்களுக்கும் அதே பெயர் இடப்பட்டது என்பது மரபு. அவர் பெயரில் இன்று எமக்குக் கிடைத்திருக்கும் நூல்கள் ஏறத்தாழ அறுபது. நடையும் கருத்தும் காலமும் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், அவை பலர் எழுதியவை என்பது தெளிவு. இவற்றுள் எது கோஸ் தீவினர் தம் கையால் எழுதியது என்று உறுதியாகச் சுட்டிக்காட்ட எவராலும் முடியவில்லை. மருத்துவ மாணவர் எடுக்கும் உறுதிமொழிக்கும் இதே நிலைதான். நோயாளரின் படுக்கையருகே இருந்து நாள்தோறும் குறிப்பெடுத்த பெயர் தெரியாத எத்தனையோ வைத்தியர்களின் உழைப்பு ஒரு பெரிய பெயருக்குள் ஒதுங்கிவிட்டது. சின்னாவின் கதையில் ஒரு பெயர் இருவரைக் குழப்பியது; இங்கே ஒரு பெயர் பலரை விழுங்கியது.

கிளியோபாத்ராக்கள்

கி.மு. 336இல் மக்கெதோனியாவின் பழைய தலைநகரில் ஓர் அரச திருமணம் நடந்தது. மன்னன் இரண்டாம் பிலிப்பின் மகள் கிளியோபாத்ராவுக்கும், எப்பைரஸ் நாட்டு மன்னன் அலெக்சாந்தருக்கும் திருமணம். மணமகளின் தமையன் பெயரும் அலெக்சாந்தர். பிற்காலத்தில் மகா அலெக்சாந்தர் எனப் பெயர்பெற்றவன் அவனே. மன்னன் பிலிப் முந்திய ஆண்டில் மணந்த புது மனைவியின் பெயரும் கிளியோபாத்ரா. அத்திருமண விழாவில் பிலிப்பைக் குத்திக் கொன்ற மெய்க்காவலன் பெயர் பவுசானியஸ். அவனுடைய மனக்கசப்பின் தொடக்கத்தில் இன்னொரு பவுசானியஸ் இருந்ததாக டியோடோரஸ் எழுதுகிறார். ஒரு திருமணப் பந்தலில் இத்தனை இரட்டைப் பெயர்கள்!

அலெக்சாந்தரின் பின் எகிப்தை ஆண்ட மக்கெதோனிய மரபில் மன்னர் எல்லோருக்கும் தொலமி என்ற ஒரே பெயர். அரசியருள் பலருக்குக் கிளியோபாத்ரா என்று பெயர். 'தந்தையின் புகழ்' என்பது அதன் பொருள். நாம் பாடப்புத்தகத்தில் படித்த இரண்டாம், ஏழாம் என்ற இலக்கங்கள் பிற்கால வரலாற்றாசிரியர் தந்தவை. அக்கால மக்கள் பட்டப்பெயரால் பிரித்தனர். ஒரு தொலமி 'தொந்தியன்', இன்னொருவன் 'குழலூதி'. தொந்தியன் எனப்பட்ட எட்டாம் தொலமி தன் சகோதரியாகிய கிளியோபாத்ராவை மணந்தான். பின்னர் அவளுடைய மகளாகிய கிளியோபாத்ராவையும் மணந்தான். தாயும் மகளும் ஒரே வேளையில் அரசிகள், ஒரே பெயரில். அரச ஆவணங்கள் ஒருத்தியைச் 'சகோதரி கிளியோபாத்ரா' என்றும் மற்றவளை 'மனைவி கிளியோபாத்ரா' என்றும் குறித்தன. ஒரு பெண் யார் என்று சொல்ல, அவள் மன்னனுக்கு என்ன முறை என்பதே அடையாளமாயிற்று.

உலகம் அறிந்த கிளியோபாத்ரா ஏழாமவர், கி.மு. 30இல் இறந்தவர். அவருடைய புகழ் வேறொரு கிளியோபாத்ராவையும் மறைத்துவிட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெருவைத்தியர் கேலன், கிளியோபாத்ரா என்பவர் எழுதிய அழகுப் பராமரிப்பு நூலிலிருந்து தலைமயிர் உதிர்வுக்கான மருந்துகளை எடுத்துக் காட்டுகிறார். பிற்காலத்தவர் அந்நூலை அரசிக்கே உரியதாக்கிவிட்டனர். அதை எழுதியவர் வேறொருவர் என்றே ஆய்வாளர் பலர் இன்று கருதுகின்றனர். அப்படியானால், மருந்துகளை அளந்து எழுதிவைத்த ஒருவரின் உழைப்பு அரசியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. இதைப் படித்தபோது எமது பெரியவரும் சின்னவரும் நினைவுக்கு வந்தனர்.

உரோமில் பெண்ணுக்கு ஏது பெயர்?

உரோம ஆண்களுக்கு இரண்டு அல்லது மூன்று பெயர்கள் இருந்தன. முதலில் வருவது தனிப்பெயர், அடுத்தது குலப்பெயர், மூன்றாவது கிளையின் பெயர். தனிப்பெயராக வழங்கியவை இருபதுக்கும் குறைவானவையே. அதனால் அவற்றைச் சுருக்கி எழுதினால் போதும். 'எம்' என்றால் மார்க்கஸ். 'பி' என்றால் பப்ளியஸ். எமது பெயருக்கு முன் வரும் எழுத்து தகப்பனைக் குறிக்கிறது. அவர்களுக்கோ அந்த எழுத்துத்தான் ஆளைக் குறித்தது.

தனிப்பெயருக்குக் குடும்ப மானமும் ஒட்டியிருந்தது. குளோடியஸ் குலத்தில் லூசியஸ் என்ற பெயருடைய இருவர் கொள்ளைக்கும் கொலைக்கும் தண்டனை பெற்றபின், அக்குலத்தார் லூசியஸ் என்ற பெயரையே வைப்பதில்லை என்று முடிவெடுத்தனர். மார்க் அந்தனி தோற்று இறந்தபின், அந்தோனியஸ் குலத்தில் இனி எவருக்கும் மார்க்கஸ் என்று பெயரிடலாகாது என உரோம மூதவை கட்டளையிட்டது.

பெண்களின் நிலை வேறு. குடியரசுக் கால உரோமில் பெண்ணுக்குத் தனிப்பெயர் இடுவது பொதுவழக்கில் இல்லை. தகப்பனின் குலப்பெயரின் பெண்பாலே அவள் பெயர். யூலியஸ் குலத்தில் பிறந்தால் யூலியா. கொர்நேலியஸ் குலத்தில் பிறந்தால் கொர்நேலியா. இரண்டு பெண்கள் பிறந்தால் மூத்தவள் யூலியா, இளையவளும் யூலியா. வேறுபடுத்தவேண்டிய இடத்தில் பெரியவள், சின்னவள் என்பர். மூவரானால் முதலாமவள், இரண்டாமவள், மூன்றாமவள். எமது வகுப்பாசிரியை இடாப்பில் கண்ட வழி உரோமர் நூற்றாண்டுக் கணக்கில் வீட்டில் பின்பற்றிய வழிதான். ஆனால் எமது வீடுகளில் மூத்தவ, நடுவிலாள், கடைக்குட்டி என்று அழைத்தாலும் ஒவ்வொருத்திக்கும் தனக்கென ஒரு பெயர் இருந்தது.

யூலியஸ் சீசரின் குடும்பத்தைப் பாருங்கள். அத்தை யூலியா, சகோதரிகள் இருவரும் யூலியா, ஒரே மகளும் யூலியா. அந்த மகள் பொம்பேயை மணந்து, கி.மு. 54இல் பிரசவத்தில் இறந்தாள். பின்னர் முதற் பேரரசர் அகஸ்டஸின் மகளும் யூலியா, மகளின் மகளும் யூலியா. தாயை கி.மு. 2இலும், மகளை கி.பி. 8இலும் அகஸ்டஸே நாடு கடத்தினார். இளைய யூலியா இருபது ஆண்டுகள் ஒரு தீவில் கிடந்து அங்கேயே இறந்தாள். வரலாற்று நூல்களில் இவ்விருவரில் எவர் பேசப்படுகிறார் என்று வாசகர் ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கவேண்டியிருக்கிறது.

அகஸ்டஸின் சகோதரி ஒக்டேவியாவின் வீட்டை எண்ணிப் பார்த்தால் எமக்குக் கல்லூரி விடுதிதான் நினைவுக்கு வருகிறது. முதற் கணவர் மார்செல்லஸுக்குப் பிறந்த மகன் மார்செல்லஸ். மகள்மார் இருவரும் மார்செல்லா. இரண்டாங் கணவர் மார்க் அந்தனிக்குப் பிறந்த மகள்மார் இருவரும் அந்தோனியா. அந்தனி அவரைக் கைவிட்டு எகிப்து அரசியிடம் போனார். இருவரும் இறந்தபின், அந்த அரசியின் பிள்ளைகளையும் ஒக்டேவியாவே தம் வீட்டில் வைத்து வளர்த்தார். அவர்களுள் ஒருத்தி கிளியோபாத்ரா செலீனே. அங்கே அந்தப் பெயரில் இருந்தவள் அவள் மட்டுமே. அவள் பின்னர் மௌரித்தேனியா நாட்டு அரசியாகி, தன் பெயரைக் கிரேக்க எழுத்தில் நாணயங்களில் பொறித்தாள். வளர்த்தவரைப் பற்றி எமக்குத் தோன்றுவது, ஒரே பெயருடைய பிள்ளைகளைப் பிரித்தறிய அவருக்குப் பெரியவள், சின்னவள் என்ற அடைமொழி தேவைப்பட்டிராது என்பதே. குரலும் காலடிச் சத்தமும் போதும். எமது விடுதி மேட்ரனும் விளக்கணைத்த இருட்டிலும் எம்மை அப்படித்தான் அறிந்திருந்தார்.

ஒக்டேவியாவின் பெயரால் உரோமில் எழுப்பப்பட்ட தூண் மண்டபத்தில் ஒரு பெண்ணின் சிலை இருந்தது. சிலை போய்விட்டது, அதன் சலவைக்கல் பீடம் 1878இல் கண்டெடுக்கப்பட்டது. அதில் பொறித்திருப்பது சில சொற்களே: கொர்நேலியா, ஆபிரிக்கானுஸின் மகள், கிராக்குஸ் சகோதரரின் தாய் என்பது பொருள். ஹனிபாலை வென்ற சிப்பியோ ஆபிரிக்கானுஸுக்கு மகள்மார் இருவர், இருவரும் கொர்நேலியா. இவர் இளையவர். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று, மூவரை மட்டும் வளர்த்தெடுக்க முடிந்தவர். ஆண்மக்கள் இருவரும் ஏழைகளுக்கான நிலச் சீர்திருத்தத்துக்காகப் போராடி, கி.மு. 133இலும் 121இலும் கொல்லப்பட்டனர். உரோமில் பெண்ணொருத்திக்குப் பொதுவிடத்தில் சிலை வைப்பது அரிதிலும் அரிது. அந்தச் சிறப்பைப் பெற்றவரையும், மற்றக் கொர்நேலியாக்களிலிருந்து பிரித்துக் காட்ட, மேலே தகப்பனும் கீழே மக்களும் தேவைப்பட்டனர்.

ஒன்றை நேர்மையோடு சொல்லவேண்டும். உரோமப் பெண் திருமணத்தின் பின் தன் பெயரை மாற்றுவதில்லை. கொர்நேலியா கடைசிவரை கொர்நேலியாவே. நாமோ தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு கல்லூரிக்குள் நுழைந்து, கணவன் பெயரோடு பழைய மாணவிகள் சங்கத்துக்குத் திரும்பி வருகிறோம். எமது பதிவேட்டைத் தொகுத்தபோது அதிகம் தொல்லை தந்தது இதுதான். இடாப்பில் இருந்த பெயரையும் இன்றைய பெயரையும் இணைத்துப் பார்க்க ஒவ்வொருவருக்கும் ஒரு தோழியின் சாட்சியம் தேவைப்பட்டது.

இறுதியாக ஒருத்தி. சீசரைக் கொன்ற புரூட்டஸுக்குத் தாய்வழிச் சகோதரிகள் மூவர், மூவரும் யூனியா. கடைசியானவர் மூன்றாம் யூனியா. புரூட்டஸின் கூட்டாளி காஸியஸின் மனைவி. கணவரும் தமையனும் கி.மு. 42இல் பிலிப்பி போரில் இறந்தனர். அவர் அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, கி.பி. 22இல் காலமானார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் இருபது பெருங்குடும்பங்களின் முன்னோர் உருவங்கள் எடுத்துச் செல்லப்பட்டன. புரூட்டஸின் உருவமும் காஸியஸின் உருவமும் அங்கே இருக்கவில்லை. இல்லாத அந்த இரண்டுமே எல்லோர் கண்ணுக்கும் பட்டன என்கிறார் வரலாற்றாசிரியர் டசிட்டஸ். 'மூன்றாமவள்' என்ற எண்ணையே பெயராகக் கொண்டிருந்த ஒரு மூதாட்டி, பேரரசில் வாய்விட்டுச் சொல்லமுடியாத இரண்டு பெயர்களை அத்தனை காலம் காத்து வைத்திருந்தார்.

இடாப்பும் ரிக்கற்றும்

வைத்தியசாலை விடுதியில் நாம் இளம் வைத்தியர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, நோயாளரைப் பெயரால் மட்டும் அடையாளம் காணாதீர்கள் என்பதே. பெயரோடு பிறந்த திகதி, பதிவிலக்கம் போன்ற இன்னொன்றையும் ஒப்பிடவேண்டும். பெயரைச் சொல்லி 'நீங்கள்தானே?' என்று கேட்கக்கூடாது. 'உங்கட பெயர் என்ன?' என்று கேட்டு அவர் வாயால் வரவைக்கவேண்டும். பயந்துபோன நோயாளர் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார்.

இது நாம் புத்தகத்தில் மட்டும் கற்றதன்று. பயிற்சிக் காலத்தில், அடுத்தடுத்த கட்டில்களில் ஒரே பெயரில் இரண்டு அம்மாமார் இருந்தனர். ஒருவருக்குக் குருதி ஏற்றவேண்டியிருந்தது. நாம் குருதிப் பையோடு போய்ப் பெயரைச் சொல்ல, பிழையான அம்மா கையை நீட்டினார். பக்கத்தில் நின்ற மூத்த தாதி ரிக்கற்றில் இருந்த இலக்கத்தை உரக்க வாசித்தார், நாம் நின்றுவிட்டோம். குருதி வகை மாறி ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எழுதவேண்டியதில்லை. அன்று கை நடுங்கிய எம்மைத் தாதி ஏசவில்லை. "பெயர் ரெண்டு பேருக்கும் சொந்தம் பிள்ளை, இலக்கம் ஒராளுக்குத்தான்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பாடத்தை விடுதியில் கடைப்பிடித்த நாமே பதிவேட்டில் மறந்தோம்.

எமது பழைய சேர்வுப் பதிவேட்டைத் தேடி எடுத்தோம். பக்கங்களில் பூச்சி அரித்திருந்தாலும் இரண்டு வரிகளும் அங்கே இருந்தன. ஒரே பெயர், இரண்டு சேர்விலக்கங்கள், இரண்டு தகப்பன்மாரின் முழுப்பெயர்கள், இரண்டு பிறந்த திகதிகள். கல்லூரி அலுவலகத்தில் அன்று யாரோ ஒருவர் மையில் எழுதிவைத்த அந்த இலக்கத்தால்தான் சின்னவர் மறுபடி தனி ஆளானார். இம்மலருடன் வெளிவரும் பதிவேட்டில் இருவரின் பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றன. பெரியவரின் பெயருக்கு எதிரே படிப்பும் பதவியும் ஊரும் இருக்கின்றன. சின்னவரின் பெயருக்கு எதிரே சேர்விலக்கமும் அவர் எம்முடன் படித்த ஆண்டுகளும் மட்டுமே இருக்கின்றன.

உலகெங்கும் வாழும் எமது கல்லூரிச் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் உங்கள் பெயரைத் தேடும்போது, அதற்கு மேலும் கீழும் உள்ள பெயர்களையும் ஒருதரம் பாருங்கள். உங்கள் பெயரிலேயே வகுப்பில் இன்னொருத்தி இருந்திருந்தால், அவர் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் எமக்கு அறியத் தாருங்கள். இடாப்பில் இருந்த பெயர், தகப்பன் தாயின் பெயர், தெரிந்தால் சேர்விலக்கம், இன்றைய பெயர் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். பாதியில் போனவர்களும் எமது கல்லூரித் தாயின் பிள்ளைகளே.

சின்னவரின் கையில் இம்மலர் எங்காவது கிடைக்குமானால், அவருக்கும் ஒரு சொல். உங்கள் பெயரை ஒருதரம் அழித்துவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள். இடாப்பில் இரண்டாவது தரம் வரும் பெயர் உங்களுடையது. பதில் சொல்லுங்கள்.